சிங்கப்பூர்ப் பீரங்கிகள் தவறான திசையில் நின்றனவா?

தெம்பனிஸ்வாசி:
அனைவருக்கும் வணக்கம். மகளின் பள்ளிப் பாடத்துக்காகச் சிலோசோ கோட்டைக்கும் புக்கித் தீமாவில் உள்ள பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்கும் சென்று வந்தோம். பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்து நின்றதாலும் ஜப்பானியர் பின்பக்கமாக, அதாவது வடக்கே மலாயா வழியாக, வந்ததாலும்தான் 1942இல் நகரம் வீழ்ந்தது என்று என் அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அது சரிதானா என்று மகள் கேட்கிறாள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

காலாங் கரையான்:
அப்பா சொன்னது பாதி சரி. தீவில் 15 அங்குலப் பீரங்கிகள் மொத்தம் 5 இருந்தன. புவன விஸ்தாவில் இருந்த இரண்டை நிலப்பக்கம் திருப்ப இயலவில்லை. ஆனால் சாங்கியில் இருந்த, ஜொகூர் என்ற பெயருடைய பீரங்கித் தளத்திலிருந்து நிலப்பக்கம் சுடவே செய்தார்கள். குறை குண்டில்தான் இருந்தது. கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கென்று செய்யப்பட்ட குண்டுகளே பெரும்பாலும் கையிருப்பில் இருந்தமையால், அவை மண்ணில் ஆழப் புதைந்தனவே தவிர, பரவலாக நிற்கும் காலாட்படைக்குப் பெரிய சேதம் விளைவிக்கவில்லை. மேலும், 1941 டிசம்பர் 10 அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ஆகிய இரண்டு போர்க்கப்பல்களும் குவாந்தான் அருகே விமானத் தாக்குதலில் மூழ்கிய பிறகு, செம்பவாங் கடற்படைத் தளத்தில் நின்று போரிடக் கப்பற்படையே இல்லை.

பழைய வாத்தியார்:
பீரங்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் எளிதாகத் தப்பிவிடுவார். தாக்குதல் வடகிழக்கில் வரும் என்று எண்ணி, புதிதாக வந்திறங்கிய 18ஆவது பிரிட்டிஷ் டிவிஷனை அவர் அங்கே நிறுத்தினார். பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் வடமேற்கில் சாரிம்புன் கரையில், ஆஸ்திரேலியப் படையினர் மெலிதாகப் பரவி நின்ற இடத்தில் இறங்கினர். ஒரு வாரத்துக்குள் நீர்த்தேக்கங்கள் அவர்கள் வசமாயின. குண்டுவீச்சில் குழாய்கள் உடைந்து, மக்கள் நெருங்கியிருந்த நகரத்துக்குத் தண்ணீர் நின்றுபோகும் நிலை வந்தது. ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடமும் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன என்பதுதான் வேதனை. 15ஆம் தேதி, சீனப் புத்தாண்டு நாளன்று, பெர்சிவல் சரணடைந்தார்.

தெம்பனிஸ்வாசி:
இருவருக்கும் நன்றி. குண்டுகளைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். "அப்படியென்றாலும் வந்தது பின்பக்கம்தானே" என்கிறார். மகளுக்கு இன்னும் ஐயம் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காஸ்ஃபோர்டு சாலையில் உள்ள மாதிரிப் பீரங்கியைப் பார்க்க மூவருமாகச் செல்லவிருக்கிறோம்.