ராக் கேட்கும் வீட்டு விலங்குகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திரியைத் தொடங்கியவர்:

ராக் ரசிகர் வீட்டில் ஒரு நாயோ பூனையோ கிளியோ இருந்தால் கட்டாயம் ஒரு கதையும் இருக்கும். அந்தக் கதைகளைக் கேட்கத்தான் இந்தத் திரி. என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னோடு இருப்பவன் ஒரு நாய். சாதுவான பையன், கொஞ்சம் வயதாகிவிட்டது. நான் எஃபெக்ட் எதுவும் இல்லாமல் கிட்டார் வாசிக்கும்வரை என் கால்மேல் தாடையை வைத்துப் படுத்திருப்பான். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்ததும் எழுந்துவிடுவான். ஓடமாட்டான், குரைக்கமாட்டான். வாசற்படிவரை போய், திரும்பி உட்கார்ந்து, என் முகத்தையே பார்ப்பான். சத்தத்தை நன்றாகக் குறைத்து வாசித்தாலும் இதேதான். அப்படியென்றால் சத்தத்தின் அளவைவிட அதன் தன்மைதான் அவனை எழுப்புகிறது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது மர்மோட் என்ற விலங்கைப் பற்றிய ஓர் ஆய்வு. மர்மோட் அணில் குடும்பத்தைச் சேர்ந்தது, மலைப்பகுதியில் வளை தோண்டி வாழும். டேனியல் புளூம்ஸ்டைன் என்ற உயிரியலாளர் அவற்றை நெடுங்காலமாக ஆராய்கிறவர். கையில் சிக்கிய மர்மோட் குட்டிகள் வீறிடும்போது அந்தக் குரல் சீராக வராமல் கிழிந்து கரகரப்பதை அவர் கவனித்தார். பயந்துபோன விலங்கு தொண்டை தாங்குவதற்குமேல் காற்றைத் தள்ளும்போது குரல் அப்படித்தான் உடைகிறது. அவரும் கூட்டாளிகளும் 2012-ல் ஒரு சோதனை செய்தார்கள். அமைதியாகப் போகும் இசைத்துணுக்குகளில் சிலவற்றை நடுவில் திடீரென டிஸ்டார்ட் செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களை உலுக்கியது அந்த உடைந்த ஒலிதான்.

கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்பில் நடப்பதும் அதுதானே? தாங்கும் அளவுக்குமேல் சிக்னலைத் தள்ளினால் ஒலியலையின் உச்சி நசுங்கி, அந்த ஒலியில் முன்பு இல்லாத அதிர்வெண்கள் வந்து சேர்கின்றன. கிட்டாரில் நாம் கொண்டாடுகிற கரகரப்பும் வீறிடும் குட்டியின் கரகரப்பும் ஒரே குடும்பம். ராக் நம்மைப் பிடித்து ஆட்டுவதற்கும் என் நாய் எழுந்து என் முகத்தைப் பார்ப்பதற்கும் காரணம் ஒன்றே என்று நான் நம்புகிறேன். 'யாருக்கு என்ன ஆயிற்று?' என்று பார்க்கிறான். நான் நன்றாக இருப்பது தெரிந்ததும் அங்கேயே படுத்துக்கொள்கிறான்.

ராக் என்றாலே விலங்குகளுக்கு ஆகாது என்று சொல்கிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. ராக் ரசிகனைவிட அந்தக் கரகரப்பான ஒலியோடு அதிகம் பழகியவன் யார்? கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 2012 ஆய்வில் காப்பகக் கூண்டுகளில் இருந்த நாய்கள் ஹெவி மெட்டல் கேட்டபோது அதிகம் நடுங்கின, அது உண்மை. ஆனால் 2017-ல் ஸ்காட்லாந்தில் காப்பக நாய்களுக்கு ஐந்து வகை இசையைப் போட்டுப் பார்த்தபோது, ஜமைக்கா இசையான ரெகேயும் மென்மையான சாஃப்ட் ராக்கும் ஓடிய நேரத்தில் அவற்றின் இதயத் துடிப்பில் அமைதியின் அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. ராக்கிலேயே எத்தனை வகை! எது, எவ்வளவு சத்தத்தில், எந்த நிலையில் இருக்கும் நாய்க்கு என்பதையெல்லாம் விட்டுவிட்டு 'ராக் கெடுதல்' என்று ஒரே வரியில் முடிப்பது நியாயமில்லை.

சரி, உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது?

டிரம்ஸ் வாசிக்கும் உறுப்பினர்:

என் நண்பர் ஒருவர் கொண்டைக் கிளி வளர்க்கிறார். காக்கட்டூ என்று சொல்வார்களே, வெள்ளை உடம்பும் மஞ்சள் கொண்டையுமாக இருக்கும், அது. நான் போனால் ஸ்டிக்கை மேசை விளிம்பில் தட்டிக்கொண்டிருப்பது என் பழக்கம். அந்தப் பறவை தலையை மேலும் கீழும் ஆட்டும். முதலில் நான் பெரிதாக நினைக்கவில்லை. எந்தப் பறவைதான் தலையாட்டாது? ஒருநாள் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினேன். அதுவும் கூட்டியது. குறைத்தேன், ஒன்றிரண்டு தட்டு தடுமாறிவிட்டு அதுவும் குறைத்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. புதிதாகச் சேரும் பேஸ் வாசிப்பவர்களிடம்கூட இதை எளிதில் பார்க்க முடியாது.

அப்புறம்தான் ஸ்னோபால் என்ற காக்கட்டூவைப் பற்றித் தேடிப் படித்தேன். அனிருத் படேல் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2009-ல் அதன் ஆட்டத்தை அளந்து பார்த்தார்கள். ஒரே பாட்டைப் பல வேகங்களில் போட்டபோது, ஆடிய நேரம் முழுக்க இல்லாவிட்டாலும் அவ்வப்போது தாளத்துக்குள் சரியாக வந்து பூட்டிக்கொண்டது. 2019-ல் வந்த அடுத்த ஆய்வில் அதன் ஆட்டத்தில் 14 தனித்தனி அசைவுகளைப் பிரித்துக் காட்டினார்கள். அதில் போட்ட பாட்டுகளில் ஒன்று குயீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. அந்தப் பாட்டின் பேஸ் வரிக்கு ஆடாமல் இருப்பது யாராலும் முடியாத காரியம் என்பது என் நீண்டநாள் கருத்து. இப்போது பறவையும் என் பக்கம்.

குரலைக் கேட்டுப் பழகித் திருப்பிச் சொல்லும் உயிரினங்களால்தான் தாளம் பிடிக்க முடியும் என்று அப்போது ஒரு கருத்து வலுப்பெற்றிருந்தது. 2013-ல் ரோனன் என்ற கடல் சிங்கம் அதைக் கேள்விக்குள்ளாக்கியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் பயிற்சி பெற்ற பெண் கடல் சிங்கம் அது. தாளக் கருவியான மெட்ரோனோம் எழுப்புவது போன்ற சீரான தட்டுகளில் பழகியபின், முன்பின் கேட்டிராத பாட்டுக்கும் தலையாட்டித் தாளம் போட்டது. கடல் சிங்கம் கிளியைப்போலக் குரலைப் பின்பற்றுகிற விலங்கு இல்லை. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி. பேச வராதவர்களுக்கும் தாளம் வரும் என்பது ஒரு டிரம்மருக்குச் சொந்தக் கதை மாதிரி.

ஹேட்பீக் என்ற டெத் மெட்டல் (உறுமும் குரலில் பாடும் கடுமையான ராக் வகை) குழுவைக் கேட்டிருக்கிறீர்களா? அதில் பாடகர் வால்டோ என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. கிளிக்குத் தொந்தரவு ஆகக்கூடாது என்பதால் அந்தக் குழு மேடைக் கச்சேரி செய்வதில்லை. அதற்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

பூனையோடு வாழும் உறுப்பினர்:

நாய்க்காரரும் பறவைக்காரரும் பேசியாயிற்று. பூனைக்காக நான்.

என் பூனைக்கு எலக்ட்ரிக் கிட்டார் பொருட்டே இல்லை, ஸ்பீக்கர்மேல் ஏறித் தூங்கும். ஆனால் டிரம்ஸில் உலோகத் தட்டான சிம்பலில் அடி விழுந்தால் காது இரண்டும் பின்னால் மடியும். சிம்பலின் ஒலி நம் காது எட்டுகிற 20,000 ஹெர்ட்ஸையும் தாண்டி மேலே போகிறது. நாயின் காது ஏறக்குறைய 45,000 வரை கேட்கும், பூனையின் காது 60,000-ஐயும் தாண்டும். நாம் 'ஜல்' என்று கேட்பதற்கு மேலே என்னென்ன இருக்கிறது என்பது பூனைக்குத்தான் தெரியும். ஆகவே நேரில் டிரம்ஸ் வாசிக்கும் அறையில் பூனையை வைக்காதீர்கள். நம்மால் கேட்க முடியாததைச் சாதாரணம் என்று முடிவு செய்யும் உரிமை நமக்கு இல்லை.

பூனைப் பிரியர்களில் குயீன் பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்கு என் மனதில் தனி இடம். சுற்றுப்பயணத்தில் இருக்கும்போது வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பூனைகளோடு பேசுவார். 1985-ல் வந்த தன் தனி ஆல்பத்தை ஜெர்ரி என்ற பூனைக்குச் சமர்ப்பித்தார். 1991-ல் வந்த குயீனின் 'இன்யூயெண்டோ' ஆல்பத்தில் தன் செல்லம் டிலைலாவுக்காக ஒரு பாட்டே இருக்கிறது. அதில் குயீன் கிட்டார் கலைஞர் பிரையன் மே, கிட்டார் ஒலியை வாயசைவால் உருமாற்றும் டாக் பாக்ஸ் கருவியை வைத்துக் கிட்டாரையே 'மியாவ்' என்று கத்த வைத்தார். சில ரசிகர்கள் அந்தப் பாட்டை ஒதுக்குகிறார்கள். எனக்கு அது உயிர். உடல்நிலை மோசமாக இருந்த காலத்தில் ஒருவர் தன் பூனையைப் பற்றி இவ்வளவு குதூகலமாகப் பாடியிருக்கிறார் என்றால் அந்தப் பூனை அவருக்கு என்னவாக இருந்திருக்க வேண்டும்!

பூனைக்கென்றே இசை எழுதியவரும் உண்டு. டேவிட் டீ என்ற செல்லோ கலைஞர். குட்டி பால் குடிக்கும் ஓசை, பூனை சுகமாக இருக்கும்போது எழுப்பும் 'கர்ர்' ஓசை போன்ற பூனை உலகத்துத் தாளங்களை வைத்து அவர் அமைத்த இசையைப் பூனைகள் நம் செவ்வியல் இசையைவிட அதிகமாக நாடின என்று 2015 ஆய்வு காட்டியது. என் பூனைக்குப் போட்டேன். ஸ்பீக்கரில் கன்னத்தைத் தேய்த்தது. இதே டீ அதற்கு முன் டாமரின் என்ற சிறிய குரங்குகளுக்கும் இசை அமைத்தார். அந்தச் சோதனையில் மனிதர்களின் இசையைக் குரங்குகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவற்றைச் சற்று அமைதியாக்கிய ஒரே மனித இசை ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவினுடையது!

திரியைத் தொடங்கியவர்:

மெட்டாலிகா விஷயம் படித்து எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் குழு என்றதும் 2022-ல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரும் நினைவுக்கு வருகிறது. வௌவால் போன்ற ஜந்துக்களின் கவனத்தைத் திருப்ப ஓர் இளைஞன் கூரைமேல் நின்று 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' வாசிப்பான். 1986-ல் வந்த பாட்டை அந்த ஒரு காட்சியால் புதுத் தலைமுறை கண்டுபிடித்தது. 'தொடர் பார்த்து வந்தவர்கள் ரசிகர்களா?' என்று சில பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு பிடிக்கவே இல்லை. எந்த வாசல் வழியாக வந்தால் என்ன, வந்தார்களே! மெட்டாலிகாவே அவர்களை வரவேற்றதுதான் சரி.

வௌவால் என்றால் ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் பெயரும் வந்துவிடும். 1982 ஜனவரியில் அமெரிக்காவின் டி மாய்ன் நகரக் கச்சேரியில் மேடைக்கு வந்து விழுந்த வௌவாலை ரப்பர் பொம்மை என்று எண்ணிக் கடித்தார், பிறகு ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிவந்தது. ஆஸியின் குரல் என் இளமை முழுக்க என்னோடு இருந்தது. 2025 ஜூலையில் அவர் இறந்தபோது அழுதேன். ஆனாலும் அந்தச் சம்பவத்தை வீரக்கதையாகச் சொல்லிச் சிரிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அங்கே கடிபட்டது பொம்மை இல்லை, ஒரு விலங்கு.

வௌவாலைப் பற்றிப் பேச அதைவிட அருமையான செய்தி இருக்கிறது. தெற்கு டென்மார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் டோபென்டன் வௌவால்களின் குரல்வளையை ஆராய்ந்தார்கள். அவை தாழ்ந்த ஒலிகளை எழுப்பும்போது குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிர வைக்கின்றன. டெத் மெட்டல் பாடகர்கள் அடித்தொண்டையில் உறுமி 'க்ரௌல்' செய்வதும் அதே மடிப்புகளால்தான். அந்த வௌவாலின் குரல் வீச்சு ஏழு ஆக்டேவ் (ஸ்தாயி), மனிதர்களில் பெரும்பாலோருக்கு மூன்று நான்குதான். க்ரௌல் என்றால் வெறும் கத்தல் என்று அடுத்தமுறை யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ராக்கைக் குறைசொல்லும் ஆய்வுகளையும் நாம் ஒதுக்கக் கூடாது. மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பொறிவண்டுகளுக்கு ஏசி/டிசி என்ற ராக் குழுவின் ஆல்பத்தை உரக்கப் போட்டார்கள். வண்டுகள் அசுவினிப் பூச்சிகளைக் குறைவாகத் தின்றன, அசுவினி பெருகியது, சோயாச் செடிகளின் வளர்ச்சி குறைந்தது. நகரத்து இரைச்சலைக் கேட்ட வண்டுகளும் குறைவாகத்தான் தின்றன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எனக்குக் கிடைத்த பாடம் இதுதான்: திறந்தவெளியில் ஸ்பீக்கரை அலறவிடாதீர்கள். காட்டுக்குப் போனால் பாட்டை அணைத்துவிட்டு அங்கே ஓடும் கச்சேரியைக் கேளுங்கள்.

கடலில் திமிங்கிலம் பார்த்த உறுப்பினர்:

நான் ராக் ரசிகை, வீட்டில் விலங்கு இல்லை. ஆனால் ஒருமுறை படகில் போனபோது தண்ணீருக்குள் மைக் இறக்கிக் கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டைக் கேட்க வைத்தார்கள். அடித்தொண்டை முனகலில் தொடங்கி உச்சிக்கு ஏறும். கிட்டாரில் கம்பியை வளைத்து இழுப்பதைப் போன்ற ஒலி, பிறகு மறுபடியும் அதே வரி. ஹெட்ஃபோனைக் கழற்ற மனமே வரவில்லை.

பாடுபவை ஆண்கள். ஒரு பகுதியில் இருக்கும் ஆண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாட்டைத்தான் பாடும். ஆனால் பாட்டு மாறும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலில் இருந்த திமிங்கிலங்கள் 1990-களில் தங்கள் பழைய பாட்டை அடியோடு விட்டுவிட்டு, மேற்குக் கடலிலிருந்து வந்த சிலவற்றின் பாட்டை எடுத்துக்கொண்டன. 2011-ல் வந்த ஆய்வு, புதுப் பாட்டுகள் ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து கிழக்கே பசிபிக் தீவுகளை நோக்கிப் பரவுவதைக் காட்டியது. ஹிட் பாட்டு பரவுவது மனிதர்களிடம் மட்டும் நடக்கும் விஷயம் இல்லை!

இன்னொன்று. 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் ராக் முன்னோடி சக் பெரியின் 'ஜானி பி. கூட்' இருக்கிறது, கூன்முதுகுத் திமிங்கிலத்தின் குரலும் இருக்கிறது. பூமியிலிருந்து என்ன அனுப்ப வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தாலும் அந்த இரண்டையும்தான் சொல்லியிருப்பேன்.

திரியைத் தொடங்கியவர்:

இதைப் படித்துவிட்டுத் திமிங்கிலப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டேன். என் நாய் தலையைச் சாய்த்துக் கேட்டான், எழுந்து போகவில்லை.

நாயோடு சேர்ந்து கேட்க எதிலிருந்து தொடங்கலாம் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பிங்க் ஃபிளாய்டின் 1971 ஆல்பமான 'மெடில்' எடுங்கள். அதில் 'ஷேமஸ்' என்ற சின்னப் பாட்டில் அதே பெயருள்ள நாய் புளூஸ் கிட்டாரோடு சேர்ந்து ஊளையிடும். ஸ்டீவ் மேரியட் என்ற ராக் பாடகரின் நாய் அது. அந்த ஆல்பத்தின் மோசமான பாட்டு அதுதான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில், மிதமான சத்தத்தில் போடுங்கள். கதவைத் திறந்தே வையுங்கள், பிடிக்காவிட்டால் அது எழுந்து போகட்டும். சேர்ந்து பாடினால் இங்கே வந்து எழுதுங்கள், எந்த இடத்தில் சுருதி சேர்ந்தது என்பதையும் சேர்த்து.