மேட்ரிக்ஸ் சைஸை டைப்லயே வச்சு எழுதுறவங்க, உங்களுக்கு வந்த எரர் அனுபவத்தை சொல்லுங்க

நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். ரஸ்ட் மொழில ஒரு கால்மன் ஃபில்டர் (சென்சார் ரீடிங்கை வச்சு ஒரு பொருளோட நிலையை, அதாவது ஸ்டேட்டை, கணிக்கிற கணக்கு), ஏற்கெனவே நல்லா ஓடிட்டிருந்த கோட், என் கைக்கு வந்துச்சு. அதுல மேட்ரிக்ஸ்ங்கிறது ஒரு ஸ்ட்ரக்ட், எலிமென்ட் டைப் ஒண்ணு, ரோ எண்ணிக்கை ஆர், காலம் (நெடுவரிசை) எண்ணிக்கை சி, இந்த ரெண்டு எண்ணும் கான்ஸ்ட் ஜெனரிக், அதாவது டைப்போட பாகமாவே வர்ற எண். (2021 மார்ச்ல 1.51 வெர்ஷன்லதான் நாமளே இப்படி எழுத ஸ்டேபிள்ல (எல்லாருக்குமான வெளியீட்டுல) வழி வந்துச்சு. அதுக்கு முன்னாடி ரொம்ப காலம் ஸ்டாண்டர்ட் லைப்ரரியே 32 வரைக்கும் ஒவ்வொரு அர்ரே சைஸுக்கும் தனித்தனியா மேக்ரோல ட்ரெய்ட் (ஒரு டைப் என்னென்ன செய்யும்ங்கிற பட்டியல்) இம்ப்ளிமென்டேஷன் எழுதி வச்சிருந்துச்சு.)

அதுவரைக்கும் ஸ்டேட்டும் 3, சென்சார் தர்ற ரீடிங்கும் 3, அதனால எங்க பாத்தாலும் 3×3. புதுசா ஒரு சென்சார், ஸ்டேட் 4, ரீடிங் 2. கோவேரியன்ஸ் (கணிப்புல இருக்குற சந்தேக அளவு) 4×4, மெஷர்மென்ட் மேட்ரிக்ஸ் (ஸ்டேட்டை ரீடிங்கா மாத்துறது) 2×4, அதோட டிரான்ஸ்போஸ் (ரோவும் காலமும் இடம் மாத்தினது) 4×2. கோவேரியன்ஸை டிரான்ஸ்போஸோட பெருக்குற வரில எரர், 4×4 எதிர்பார்த்தேன் 4×2 குடுத்திருக்கேன்னு. கணக்குப்படி 4×4ஐ 4×2ஆல பெருக்கலாம், விடை 4×2, இதுல தப்பே இல்ல. ஆனா எரர் காட்டுற இடம் அந்த வரிங்கிறதால டீம்ல எல்லாரும் அந்த வரியைத்தான் தோண்டினாங்க, ஒருத்தர் டிரான்ஸ்போஸை எடுத்துப் பாத்தார், இன்னொருத்தர் மெஷர்மென்ட் மேட்ரிக்ஸையே 4×4ஆக்கி மீதியில பூஜ்யம் போட்டு நிரப்பிடலாம்னார், அப்படி பண்ணியிருந்தா கம்பைலர் வாயை மூடியிருக்கும், ஆனா தேவையில்லாம எல்லாமே பெருசாகி, அடுத்து இன்வர்ஸ் எடுக்குற இடத்துலயும் அந்தப் பூஜ்யத்தையெல்லாம் சமாளிக்க வேண்டியிருக்கும்.

விஷயம் வேற எங்கயோ இருந்துச்சு. பெருக்கலுக்கான மல் ட்ரெய்ட்ல வலது பக்க டைப் சொல்லாம விட்டா டீஃபால்ட்டா செல்ஃப்னு, அதாவது இடது பக்க டைப்பேதான்னு, எடுத்துக்கும். இம்ப்ளிமென்டேஷன் எழுதினவங்க அதைச் சொல்லாம விட்டிருந்தாங்க, அவுட்புட்டும் செல்ஃப். அதாவது ஆர்×சி மேட்ரிக்ஸை இன்னொரு ஆர்×சி மேட்ரிக்ஸாலதான் பெருக்க முடியும்னு ஆயிடுச்சு. ஸ்கொயரா இருக்குற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. இதுல ரொம்ப மோசமானது என்னன்னா, 2×3ஐ 2×3ஆல பெருக்கினா அது கம்பைல் ஆகும், ஓடும்போது மூணாவது ரோவைத் தேடி பேனிக் ஆகும் (ப்ரோக்ராம் அங்கயே நின்னுடும்). 3×2ஐ 3×2ஆல பெருக்கினா பேனிக்கும் ஆகாது, லூப் ரெண்டோட நின்னுடும், கடைசி ரோவைத் தொடாம ஏதோ ஒரு விடையைக் குடுத்துட்டுப் போயிடும்! சைஸை டைப்ல வைக்கிறதே இதைத் தடுக்கத்தானே.

தீர்வு சின்னது. மூணு எண் வேணும், இடது ஆர்×கே, வலது கே×சி, அவுட்புட் ஆர்×சி. நடுவுல இருக்குற கே ரெண்டு பக்கமும் ஒரே பேரா வந்தாத்தான் கம்பைலர் நமக்காக செக் பண்ணும். கண்டுபிடிச்சது எப்படின்னா, ஒரே வரில இருந்த ஃபார்முலாவைத் துண்டு துண்டா உடைச்சு ஒவ்வொரு லெட்டுக்கும் டைப்பை கையால எழுதினேன். எதோட டைப் தெரியலையோ அங்க இடது பக்கம் வெறும் அடைப்புக்குறி ஜோடி மட்டும் வச்சு லெட் போட்டா கம்பைலரே எரர்ல நிஜ டைப்பைச் சொல்லிடும். பேப்பர்ல எழுதின சைஸும் கம்பைலர் சொல்ற சைஸும் முதன்முதல்ல எங்க பிரியுதுன்னு பாத்தா அதுதான் இடம்.

* * *

இதே கதைதான் எனக்கும், ஆனா சி ப்ளஸ் ப்ளஸ்ல. டெம்ப்ளேட்ல சைஸை இன்ட்னு டிக்ளேர் பண்ணி, ஆர்க்யூமென்ட்டா ஸ்டாண்டர்ட் லைப்ரரி அர்ரேவை வாங்குற ஃபங்ஷன். கூப்பிட்டா மேட்சிங் ஃபங்ஷனே இல்லங்கிறான். கீழ நோட்ல ஒரு வரி, இன்ட்டும் அன்சைன்ட் லாங்கும் பொருந்தலன்னு. அந்த அர்ரேவோட நீளம் சைஸ்_டி, நம்ம பாராமீட்டர் இன்ட், மதிப்பு ரெண்டும் 3ஆவே இருந்தாலும் டைப் வேறயா இருந்தா டிடக்ஷன் (சைஸை கம்பைலர் தானா கண்டுபிடிக்கறது) நடக்காது. சாதா சி அர்ரேவா இருந்தா இந்த கட்டுப்பாடு கிடையாது, அதனாலதான் பழைய கோட்ல ஓடினது புதுசுக்கு மாத்தினதும் உடைஞ்சுது.

அதே ப்ராஜெக்ட்ல டிடர்மினன்ட், மைனர் (ஒரு ரோவும் ஒரு காலமும் நீக்கின சின்ன மேட்ரிக்ஸ்) எடுத்து ரிகர்ஸிவா போறது, சைஸ் 1 ஆனா நிறுத்துன்னு சாதா இஃப். படிக்க சரியாத்தான் இருக்கும். ஆனா சாதா இஃப்ல ரெண்டு கிளையையும் கம்பைலர் உருவாக்கும், 1க்கு அப்புறம் 0, அப்புறம் மைனஸ் 1னு போய்ட்டே இருந்து ஜிசிசி கம்பைலரோட 900 ஆழ லிமிட்ல போய் முட்டும். பக்கம் பக்கமா எரர் வந்துச்சு, ஆனா அதுல கடைசில இருக்குறதைப் படிக்கறது வீண், முதல் சில வரியும் நம்ம ஃபைல் பேர் இருக்குற வரியும் போதும். சி ப்ளஸ் ப்ளஸ் 17ல வந்த இஃப் கான்ஸ்டெக்ஸ்ப்ர் (தேவையான கிளையை மட்டும் உருவாக்கும்) போட்டதும் சரியாச்சு.

ஐகன் (சி ப்ளஸ் ப்ளஸ் மேட்ரிக்ஸ் லைப்ரரி) யூஸ் பண்றவங்களுக்கு ஒண்ணு, டெம்ப்ளேட் ஃபங்ஷனுக்குள்ள பிளாக் (மேட்ரிக்ஸோட ஒரு பகுதி) எடுக்கும்போது புள்ளிக்கு அப்புறம் டெம்ப்ளேட்ங்கிற கீவேர்ட் போடலன்னா கம்பைலர் அந்த கோண அடைப்பை "இதைவிடச் சின்னது" குறியா எடுத்துக்கும். எரர்ல சைஸ் பத்தி ஒரு வார்த்தையும் இருக்காது.

* * *

நான் ஹாஸ்கெல் பக்கம். ரெண்டு மேட்ரிக்ஸை பக்கத்துல பக்கத்துல ஒட்டுற ஃபங்ஷன், காலம் எண்ணிக்கை ஏ + பி. இன்னொரு இடத்துல அதுவே பி + ஏன்னு வருது. ரெண்டும் ஒண்ணுன்னு நமக்குத் தெரியும், ஹாஸ்கெல் கம்பைலர் ஜிஹெச்சி ஒத்துக்காது, நிஜ எண் தெரியாத வரைக்கும் கூட்டலை இடம் மாத்தலாம்ங்கிறதை அது தானா எடுத்துக்காது. இதுக்குன்னே டைப் லெவல் எண்களைச் சுருக்கிப் பாக்குற ப்ளகின் இருக்கு, அதைப் போட்டதும் நிறைய எரர் மறைஞ்சுது. கணக்கு சரி, டைப் எரர் மட்டும் வருதுன்னா முதல்ல இதைத்தான் சந்தேகப்படுவேன்.

ஜூலியால இதுக்கு நேர் எதிர், எரரே வராது. ஸ்டாட்டிக் அர்ரேஸ் லைப்ரரில எஸ்மேட்ரிக்ஸுக்கு நாலு பாராமீட்டர், 3, 3, எலிமென்ட் டைப், அப்புறம் மொத்தம் 9. ஸ்ட்ரக்ட் ஃபீல்டுல அந்த 9ஐ விட்டுட்டாலும் ஓடும், ஆனா அந்த டைப் முழுசா முடிவாகாததால வேகம் படுத்துடும். ரொம்ப பேர் இதை லைப்ரரி ஸ்லோன்னு நினைச்சுட்டு விட்டுடறாங்க, அது நியாயமே இல்ல, ஒரே ஒரு எண்தான் பாக்கி.

* * *

முதல்ல கால்மன் ஃபில்டர் பத்தி எழுதின அண்ணா சொன்னதோட ஒண்ணு சேக்கறேன். டெஸ்ட் எழுதும்போது சைஸ் எல்லாத்தையும் வேற வேறயா வைங்க, 2×3ஐ 3×5ஆல பெருக்குற மாதிரி. 3×3லயே டெஸ்ட் பண்ணினா ரோவும் காலமும் இடம் மாறினது டைப்ல தெரியவே தெரியாது. டிரான்ஸ்போஸ் போட மறந்தாலும் கம்பைல் ஆகும், ரொட்டேஷன் மேட்ரிக்ஸா இருந்தா எதிர்ப்பக்கம் சுத்தும் அவ்வளவுதான். சைஸ் ஒண்ணா இருந்தும் அர்த்தம் வேறயா இருக்குற இடத்துல, கேமரா ஃப்ரேம், வேர்ல்ட் ஃப்ரேம்னு காலி டைப் ரெண்டு வச்சு அதையும் பாராமீட்டராக் குடுக்கலாம், நாங்க அப்படித்தான் செய்யறோம்.

எனக்கு ஒரு டவுட்டும் இருக்கு அண்ணா, ரஸ்ட்ல டேட்டாவை ஆர் × சி நீளத்துல ஒரே அர்ரேவா வைக்கப் பாத்தேன், ஜெனரிக் பாராமீட்டரை கான்ஸ்ட் கணக்குல யூஸ் பண்ணக்கூடாதுன்னு எரர். வேற வழி இருக்கா?

* * *

தம்பி, ஸ்டேபிள்ல அந்தப் பெருக்கல் முடியாது, ஆர் மைனஸ் 1ம் அதே மாதிரிதான், அதனால மைனர் எடுத்து ஜெனரிக்கா டிடர்மினன்ட் எழுதறதும் முடியாது. நைட்லில (ரஸ்ட்டோட சோதனை வெர்ஷன்) ஒரு ஃபீச்சர் இருக்கு, ஆனா முழுமையாகாதது, ப்ரொடக்ஷன்ல நான் தொடமாட்டேன். டிடர்மினன்ட்டுக்கு எல்யூ (மேட்ரிக்ஸை ரெண்டு முக்கோண மேட்ரிக்ஸா பிரிக்கற வழி) போடுங்க, சைஸ் குறையவே வேண்டாம், மைனர் வழி ஃபேக்டோரியல் வேகத்துல வளரும், எல்யூ சைஸோட மூணாம் அடுக்குலதான். டேட்டாவுக்கு அர்ரேக்குள்ள அர்ரே வைங்க, ஒவ்வொண்ணும் சி நீளம், அப்படி ஆர் எண்ணிக்கையில. மெமரில அது எப்படியும் இடைவெளி இல்லாம ஒரே தொடராத்தான் இருக்கும், ஒரே ஸ்லைஸா வேணும்னா 1.80 வெர்ஷன்ல இருந்து ஆஸ்_ஃப்ளாட்டன்ட் இருக்கு, அன்சேஃப் தேவையில்ல. மாத்திட்டு எரர் மிச்சம் இருந்தா ஸ்ட்ரக்ட்டையும் அந்த இம்ப்ளிமென்டேஷன் வரியையும் முழுசா போடுங்க, பாக்கறேன்.