தெற்குத் தெரு சொந்தங்கள் குழு: யாருக்கு எந்தப் புத்தகம்?

செண்பகம்: அண்ணாச்சி, லீவுக்கு வாசிக்கப் புத்தகம் எடுக்கணும். அத்தைக்கு தன்வரலாறு, ப்ளஸ் டூ முடிச்ச தம்பிக்கு திரில்லர், எனக்கு நாவல்.

சங்கரன் அண்ணாச்சி: அத்தைக்கு உ.வே.சா.வோட 'என் சரித்திரம்'. கனத்தைப் பாத்து மலைக்காண்டாம். 1940ல இருந்து ஆனந்த விகடன்ல தொடரா வந்தது. 122 அத்தியாயம், ஒவ்வொண்ணும் சின்னது. மத்தியானத்துக்கு ஒண்ணு போதும். ஏடு தேடி நம்ம பக்கம் வந்து, ஆழ்வார்திருநகரி கவிராயர் வீட்டுல பத்துப்பாட்டுச் சுவடி ஆப்புடுத இடத்த சத்தமா வாசிச்சுக் காட்டு. அருமையா இருக்கும்.

பேச்சி மைனி: கடைசியில பாதியில நிக்கும். பக்கம் விட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க. 1942ல அவுக காலமாயிட்டாக. மிச்சத்துக்கு அவுக மாணவர் கி.வா.ஜ. எழுதுன 'என் ஆசிரியப்பிரான்' இருக்கு.

செண்பகம்: அத்தைக்குப் பொடி எழுத்து தெரியாதே மைனி.

முத்து: தமிழ் நூல்கள இணையத்துல ஏத்தி வச்சிருக்க மதுரைத் திட்டத்துல இலவசமா இருக்குக்கா. ஸ்கேன் பண்ண பிடிஎஃப் மட்டும் எடுக்காதீங்க. பெரிசாக்குனா வரி திரைக்கு வெளிய ஓடிரும், ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்துப் பாக்கணும். தட்டச்சு செஞ்ச பக்கத்த பிரவுசர்ல திறந்தா எழுத்து எவ்வளவு பெரிசானாலும் வரி மடங்கிக்கிடும்.

முத்து: தம்பிக்கு சுஜாதாவோட 'கொலையுதிர் காலம்'. பேயா விஞ்ஞானமான்னு வக்கீல் கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டுவாங்க. குமுதத்துல தொடரா வந்தது, அதனால ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கி போட்டுத்தான் முடியும். ராத்திரி எடுத்தா தூக்கம் போச்சு.

சங்கரன் அண்ணாச்சி: அதுக்கப்புறம் பூமணியோட 'வெக்கை' குடு. யாரு வெட்டுனாங்கிறது முதல் பக்கத்துலயே தெரிஞ்சிரும். அப்பனும் மவனும் காட்டுல எங்க படுத்தாங்க, என்னத்தத் தின்னாங்கங்கிறதுலதான் நெஞ்சு அடிக்கும். இத வச்சு எடுத்த 'அசுரன்' படத்தப் பாத்துட்டு வாசிக்கிறவன் பிளாஷ்பேக் எங்கன்னு தேடுவான். அது படத்துக்குச் சேத்தது. முன்கூட்டியே சொல்லிரு. அதே கையோட பூமணியோட 'அஞ்ஞாடி'ய நீட்டிராத, ஆயிரம் பக்கத்துக்கு மேல. புதுசா வாசிக்கிறவன் நூறு பக்கத்துல மூடி வச்சிருவான்.

செண்பகம்: எனக்கு?

பேச்சி மைனி: வண்ணநிலவனோட 'ரெயினீஸ் ஐயர் தெரு'. பாளையங்கோட்டைத் தெரு ஒண்ணுதான் கதையே. கதாநாயகன் எப்ப வருவான்னு காத்திருந்தா ஏமாந்திருவீங்க. வீடு வீடா நின்னு பாருங்க.

சங்கரன் அண்ணாச்சி: அடுத்து தோப்பில் முஹம்மது மீரானோட 'சாய்வு நாற்காலி', 1997 சாகித்ய அகாதமி. முஸ்தபாக்கண்ணு வீட்டுச் சாமான ஒவ்வொண்ணா வித்துத் தின்னுத கதை. தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சு, ஆரம்பத்துல தட்டும். புரியாத சொல்லுக்கு நிக்காம வாய்விட்டு வாசி, காது பழகிரும்.

முத்து: பாளை மைய நூலகத்துல எடுத்தா பக்க எண்ண ஓட்டிப் பாருங்கக்கா. பழைய பைண்டிங்ல கடைசி பாரம், அதான் சேத்து மடிச்சுத் தச்ச தாள்கட்டு, கழண்டிருக்கும், 16 பக்கம் போயிரும். திரில்லர்ல அது போச்சுன்னா மொத்தமும் வீண்.

செண்பகம்: சரி, சனிக்கிழமை போறேன். கூட வாரவுக சொல்லுங்க.