வெட்டவெளியில் சென்சார், உள்ளே லித்தியம் செல்: நேரில் கண்ட அனுபவங்கள்

மழைமானி எழுதியது:

மல்டிமீட்டரில் 3.6 வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகவே காட்டிய ஒரு செல், ஒரேயொரு தகவலைக்கூட அனுப்ப முடியாமல் நின்ற காட்சி இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் பெட்டி அது. உள்ளே இருந்தது தயோனைல் குளோரைடு செல், அதாவது சார்ஜ் செய்யக் கூடாத ஒருவகை லித்தியம் செல். வெப்பமான கிடங்கில் நெடுநாள் கிடந்த பெட்டியை மழைக்காலத்துக்கு முன் கரையில் பொருத்தினோம். மீட்டரின் முனைகளைச் செல்லின் மீது வைத்தபடியே சுவிட்சைப் போட்டேன். தொலைதூரத்துக்குத் தகவல் அனுப்பும் லோரா ரேடியோ அனுப்பத் தொடங்கிய நொடியிலேயே எண் சரிந்து 2.4க்குக் கீழே போயிற்று, கட்டுப்பாட்டுப் பலகை அணைந்தது, சுமை நீங்கியதும் எண் மேலேறியது, பலகை விழித்தது, மறுபடியும் சரிந்தது.

உடன் வந்தவர்கள் செல் தீர்ந்துவிட்டது என்றார்கள். தீரவில்லை. லித்தியத்தின் மேல் படிந்திருந்த லித்தியம் குளோரைடுப் படலமே காரணம். அந்தப் படலம் இருப்பதால்தான் இவ்வகைச் செல்கள் சாதாரண வெப்பநிலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் மட்டுமே தாமாக இழந்து, பத்தாண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கின்றன. திடீரென்று நூறு மில்லிஆம்பியர் கேட்டால் கையை விரிப்பதும் அதனால்தான். ஒரு மின்தடையை இணைத்துச் சில மில்லிஆம்பியர் மட்டும் இழுக்கவிட்டோம். சுமையோடு இருக்கும்போதே மின்னழுத்தம் மெல்ல ஏறி 3.3ஐத் தாண்டியதைப் பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது.

காற்றுத்திசை எழுதியது:

எனக்கு மறக்க முடியாதது ஒரு மூடியின் கடைசித் திருகு. வானிலைக் கம்பத்தில் இருந்த கறுப்பு நிறப் பெட்டி, சூரியத் தகடு மூடியின் மேலேயே ஒட்டப்பட்டிருந்தது, உள்ளே 3.7 வோல்ட் பை வடிவ லித்தியம் அயான் செல். நீர் புகக் கூடாது என்று ஓரம் முழுவதும் சிலிக்கோன் பூசியிருந்தார்கள். கடைசித் திருகைத் தளர்த்தியபோது, நான் தொடாமலேயே மூடி மேலே எழும்பியது. உள்ளே செல் தலையணை போல உப்பி, மூடியை அழுத்திக்கொண்டிருந்தது. லேசான இனிப்புக் கலந்த கரைப்பான் நெடி வீசியது. இணைப்பைக் கழற்றி, பெட்டியோடு எடுத்துச்சென்று ஆளில்லாத திறந்தவெளியில் மணல் நிரப்பிய வாளியில் வைத்தோம்.

நண்பகல் வெயிலில் 4.2 வோல்ட்டில் நிரம்பி நிற்பதுதான் இவ்வகைச் செல்லுக்கு மிகக் கொடுமையான நிலை. அந்தப் பெட்டியிலோ நாள்தோறும் அதுவே நடந்திருக்கிறது. பலரும் பயன்படுத்தும் டிபி4056 சார்ஜர் பலகையில் செல்லின் சூட்டை அறியும் வெப்பநிலை முனை பெரும்பாலும் தரையோடு இணைக்கப்பட்டே வருவதால், செல் எவ்வளவு சுட்டாலும் அது சார்ஜ் செய்வதை நிறுத்தாது. அன்று முதல் யார் கேட்டாலும் தீப்பற்றும் அபாயம் குறைந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைச் செல்லை மட்டுமே பரிந்துரைக்கிறேன்.

பனிமுகடு எழுதியது:

காற்றுத்திசை நண்பரின் கடைசி வரியை ஏற்க இயலவில்லை. நாங்கள் உறைபனி விழும் மலைச்சரிவில் வைத்திருந்த மண் ஈரப்பத சென்சார்களில் இரும்பு பாஸ்பேட்தான் இருந்தது. குளிர்காலம் முடிந்தபோது அவற்றின் கொள்ளளவு பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு விடியலில் பார்த்தது நினைவிலிருக்கிறது: பெட்டியின் மேல் வெண்பனி உருகாமல் இருக்க, கிழக்கு நோக்கிய தகட்டில் வெயில் பட்டு, சார்ஜரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் எதிர்முனையான கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படிகிறது. அது திரும்புவதில்லை, ஊசி போல வளர்ந்து உள்ளே குறுக்குச் சுற்றையும் உண்டாக்கலாம். இரும்பு பாஸ்பேட் என்பது நேர்முனையின் பெயர். எதிர்முனை அங்கும் கிராஃபைட்தான், ஆகவே இந்த விதி இரண்டுக்கும் பொது. குளிரில் மின்சாரத்தை எடுப்பதில் பெரிய கேடில்லை, கொடுப்பதில்தான் கேடு. வெப்பத்தால் தீப்பற்றும் அபாயம் குறைவு என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

யாரும் கேட்காவிட்டாலும், இவ்வகைச் செல்லுக்கு மாற நினைப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். இரும்பு பாஸ்பேட் செல்லின் சார்ஜ் எல்லை 3.65 வோல்ட். 4.2 வோல்ட்டுக்கான பலகையை அப்படியே விட்டுவிட்டுச் செல்லை மட்டும் மாற்றுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதைச் செய்யவே கூடாது. வெப்பநிலை முனை உள்ள சார்ஜரைத் தேர்ந்து, சூட்டை உணரும் பத்துக் கிலோஓம் தெர்மிஸ்டரைச் செல்லின் உடலிலேயே ஒட்ட வேண்டும். பலகையில் ஒட்டினால் அது பலகையின் சூட்டைத்தான் சொல்லும். உறைபனியிலும் சார்ஜ் செய்தே தீர வேண்டுமென்றால் லித்தியம் டைட்டனேட் வகைச் செல் இருக்கிறது, செல்லுக்கு 2.4 வோல்ட்தான், கொள்ளளவும் குறைவு, ஆயினும் குளிரைத் தாங்கும். வெயில் மிகுந்த இடத்தில் லித்தியம் அயானையே வைத்துக்கொள்பவர்கள் சார்ஜ் எல்லையை 4.2லிருந்து 4.0 அல்லது 4.1க்கு இறக்கினால், கொள்ளளவில் சிறு பங்கை இழந்து ஆயுளில் நிறையவே பெறலாம். பெட்டி வெள்ளையாக இருக்கட்டும். தகட்டை அதன் மேல் ஒட்டாமல், காற்று புகும் இடைவெளி விட்டு, நிழல் தரும் கூரையாக அமையுங்கள். நீரைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் சவ்வு அடைப்பானைப் பக்கவாட்டில் பொருத்துங்கள். இன்னொன்று: பலர் பெரிய செல்லைத் தேடி அலைகிறார்கள், ஆனால் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 போன்ற ரெகுலேட்டர் தன் பங்குக்கே ஏறத்தாழ ஐந்து மில்லிஆம்பியரை இரவும் பகலும் தின்றுகொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை, எம்சிபி1700 அதே வேலையை இரண்டு மைக்ரோஆம்பியருக்கும் குறைவாக எடுத்துக்கொண்டு செய்யும்.

செப்புக்கம்பி எழுதியது:

மணல் வாளியைப் பற்றி ஒரு சொல். லித்தியம் அயான் செல் உள்ளுக்குள் சூடேறத் தொடங்கிவிட்டால், மணல் தீப்பொறியைத் தடுக்குமே தவிரச் சூட்டைத் தணிக்காது. நிறைய நீர் ஊற்றிக் குளிர்விப்பதே அதற்கு வழி. மழைமானி அவர்களின் செல்லுக்கு அதைச் செய்யக் கூடாது. அதில் லித்தியம் உலோகமாகவே இருக்கிறது. கசியும் தயோனைல் குளோரைடு, ஈரம் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடும் கந்தக டைஆக்சைடுமாக மாறி மூச்சை அடைக்கும். இரண்டையும் ஒரே பெயரில் "லித்தியம் பேட்டரி" என்று பெட்டியின் மேல் எழுதுவது ஆபத்தானது என்றே கருதுகிறேன். செல்லின் வகையையும் சார்ஜ் செய்யலாமா கூடாதா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நான் கண்டது சிறியதுதான். பணிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், டபிள் ஏ அளவில் இருந்த 3.6 வோல்ட் தயோனைல் செல்லை, அளவு பொருந்துகிறதே என்று சார்ஜரில் செருகியிருந்தார். "சார்ஜ் செய்யாதீர்கள்" என்ற எழுத்து சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. மூத்தவர் ஒருவர் செல்லைத் தொடாமல், சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். எதுவும் வெடிக்கவில்லை. சென்சாரிலும் இந்த அபாயம் உண்டு: இத்தகைய செல்லோடு சூரியத் தகடோ வெளி மின்சாரமோ சேரும் சுற்றில், பின்னோட்டத்தைத் தடுக்கும் டயோடு இல்லையென்றால் யாரும் செருகாமலேயே அது சார்ஜ் ஆகத் தொடங்கும்.

மழைமானி எழுதியது:

செப்புக்கம்பி அவர்களே, எங்கள் பெட்டியில் தகடு இல்லை; ஆனாலும் டயோடு பற்றிய உங்கள் எச்சரிக்கை சரியானதே. பனிமுகடு அவர்கள் ரெகுலேட்டரைப் பற்றிச் சொன்னதும் பொருந்தும், ஆனால் எங்களுக்குத் தடையாக இருந்தது சராசரி மின்னோட்டமன்று, உச்ச மின்னோட்டம். செல்லுக்கு இணையாக ஒரு பெரிய மின்தேக்கியை வைத்தோம். அது நொடிப்பொழுதின் தேவையைக் கொடுத்துவிட, செல் அதைப் பொறுமையாக நிரப்பிக்கொள்கிறது. சூப்பர் மின்தேக்கி என்றால் ஒன்று பெரும்பாலும் 2.7 வோல்ட் மட்டுமே தாங்கும், ஆகவே இரண்டைத் தொடராக இணைத்துச் சமன்செய்ய வேண்டும். அவற்றின் கசிவு மின்னோட்டம் சென்சாரின் உறக்க மின்னோட்டத்தைவிட மிகுந்துவிடாமல் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு மாற்றமும் செய்திருக்கிறோம். தயோனைல் செல்லின் மின்னழுத்தம் கடைசிக் காலம் வரை ஏறத்தாழ ஒரே அளவில் நிற்பதால், ஓய்வில் அளந்த எண்ணை அனுப்பிப் பயனில்லை. இப்போது லோரா அனுப்பும் நொடியிலேயே, சுமையோடு அளந்த மிகக் குறைந்த மின்னழுத்தத்தை, அடுத்த தகவலோடு சேர்த்து அனுப்பச் செய்திருக்கிறோம். படலம் தடிப்பதும் செல் தளர்வதும் அந்த எண்ணில் முன்கூட்டியே தெரிகின்றன.