முதல் 16 பேருக்கு மட்டும் ஏன் சிறப்பு தரிசனம்? (ஸ்னூக்கர் உலகப் போட்டி, தகுதிச் சுற்று)

பச்சைத்துணி:
இந்த 2025இல் சாவ் ஷின்டோங் கோப்பையைத் தூக்கிய சூடு ஆறுவதற்குள் கேட்டுவிடுகிறேன். உலக சாம்பியன்ஷிப்பில் ரேங்கிங்கின் முதல் 16 பேர் நேராக ஷெஃபீல்டின் க்ரூசிபிள் அரங்குக்குப் போய்விடுகிறார்கள். மீதி 128 பேரும் எஞ்சிய 16 இடத்துக்கு மோத வேண்டும். அந்த 128 பேருக்குள்ளும் படிக்கட்டு உண்டு. 17 முதல் 48 வரை உள்ளவர்கள் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்தில்தான் எட்டிப் பார்ப்பார்கள். 49 முதல் 80 வரை இரண்டாம் கட்டம். அதற்குக் கீழே இருப்பவர்களும் அமெச்சூர்களும் நான்கு ஆட்டம் ஜெயித்தால்தான் க்ரூசிபிள் வாசலையே பார்க்க முடியும்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். க்ரூசிபிளில் முதல் சுற்றுக்கு 10 பிரேம் (ஒரு ஆட்டத்துக்குள் வரும் சிற்றாட்டம்) ஜெயிக்க வேண்டும், அப்புறம் 13, 13, 17, இறுதிப் போட்டிக்கு 18. ஆக முதல் 16இல் இருப்பவர் 71 பிரேம் ஜெயித்தால் சாம்பியன். கடைசிப் படியிலிருந்து வந்த சாவ் ஷின்டோங்குக்கு அதற்கு முன்பே நான்கு பத்துகள், அதாவது மொத்தம் 111. ஒரே கோப்பை, ஒருவருக்கு ஒரு விலை, இன்னொருவருக்கு ஒன்றரை விலை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்களே, அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

என் கட்சி இதுதான்: எல்லோரும் முதல் சுற்றிலிருந்தே ஆடட்டும். நட்சத்திர வீரர் ஓ'சல்லிவனாக இருந்தாலும் சரி.

கருப்புப்பந்து:
தம்பி, உங்கள் தலைப்பிலேயே கோளாறு. சிறப்பு தரிசனம் காசு கொடுத்து வாங்குவது. இந்த 16 பேர் இரண்டு வருடம் தர்ம தரிசன வரிசையில் நின்று வாங்கியது. ரேங்கிங் என்பது கடந்த இரண்டு ஆண்டுகளில் ஆடி ஜெயித்த பரிசுப் பணத்தின் கூட்டல். போன வருடம் 16க்கு வெளியே வழுக்கி விழுந்த நீல் ராபர்ட்சனை யாராவது தூக்கிவிட்டார்களா? 2010இன் சாம்பியன், தகுதிச் சுற்றுக்கு வந்தார், கடைசிக் கட்டத்தில் ஜேமி ஜோன்ஸிடம் 10-9 என்று தோற்று வீட்டுக்குப் போனார். பேருக்கு மரியாதை இல்லை, அந்த இரண்டு வருடக் கணக்குக்குத்தான்.

இன்னொன்று. 1977 முதல் இந்த வருடம் வரை க்ரூசிபிளில் 49 போட்டிகள். அதில் தகுதிச் சுற்று வழியாக வந்து வென்றவர்கள் மூன்றே பேர்: 1979இல் டெர்ரி கிரிஃபித்ஸ், 2005இல் ஷான் மர்ஃபி, இப்போது சாவ். மீதி எல்லாம் நேரடி ஆட்கள். சல்லடை சரியாகத்தான் சலிக்கிறது.

பச்சைத்துணி:
சல்லடையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஓட்டையை அடைத்துவிட்டு, அந்தப் பக்கம் ஒன்றும் ஒழுகவில்லை என்கிறீர்கள் சார். நான்கு நீண்ட ஆட்டம் ஆடிவிட்டு வருகிறவனையும் ஓய்வில் இருந்தவனையும் மோதவிட்டு, ஓய்வெடுத்தவன்தான் ஜெயிக்கிறான் என்றால் அது என்ன ஆதாரம்?

சாக்பீஸ்:
ஒரு சந்தேகம். ஓய்வெடுத்தவன்தான் ஜெயிக்கிறானா? போன வருடம் நடப்புச் சாம்பியன் பிரேசெல் முதல் ஆட்டத்திலேயே கில்பர்ட்டிடம் 9-10. இந்த வருடம் நடப்புச் சாம்பியன் கைரன் வில்சன், முதன்முறையாக க்ரூசிபிளுக்கு வந்த லெய் பெய்ஃபானிடம் அதே 9-10. தூங்கி எழுந்து வந்தவர்களை ஆடிக் களைத்து வந்தவர்கள் அடித்தார்கள்.

கருப்புப்பந்து:
சரியான பாயின்ட். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறவனுக்குத்தான் தோசை சீக்கிரம் வரும். மேசையின் வேகம், கை, கண் எல்லாம் பழகியிருக்கும். 2024இல் அரையிறுதிக்கு வந்த நான்கு பேரில் வில்சனைத் தவிர மற்ற மூவரும், அதாவது கில்பர்ட், ஸ்டூவர்ட் பிங்கம், ஜேக் ஜோன்ஸ், தகுதிச் சுற்றிலிருந்து வந்தவர்கள். ஜோன்ஸ் இறுதிவரை போய் 14-18 என்று தோற்றார். ஆகவே பச்சைத்துணி தம்பி அழுவது யாருக்காக என்றே புரியவில்லை.

பச்சைத்துணி:
சார், நீங்களே உங்கள் மூன்று பேர் கணக்கை உடைத்துவிட்டீர்கள். நேரடி ஆட்கள் மேலானவர்கள் என்பதால் நேரடி இடம் என்றீர்கள். இப்போது தகுதிச் சுற்று ஆட்கள்தான் சூடாக வருகிறார்கள் என்கிறீர்கள். இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள்.

அப்புறம், 2024 அரையிறுதிக்கு வந்ததாக நீங்கள் சொன்ன மூன்று பேரும் 17 முதல் 48க்குள் இருந்தவர்கள். இரண்டு ஆட்டம் ஆடி வந்தவர்கள். இரண்டு ஆட்டம் என்றால் கை சூடாகும். நான்கு ஆட்டம் என்றால் கை கழன்றுவிடும்.

எல்லோரும் ஒரே கோட்டில் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் உதாரணம் இருக்கிறது. இன்னொரு பெரிய ஸ்னூக்கர் போட்டியான யூகே சாம்பியன்ஷிப் 2013 முதல் 2021 வரை 128 பேரும் முதல் சுற்றிலிருந்தே ஆடியது. அந்தக் கடைசி வருடம், 2021. அமெச்சூராக இருந்த சீ ஜியாஹுய், ஷான் மர்ஃபியைத் தோற்கடித்தார். அமெச்சூர்களை இங்கே ஆடவே விடக்கூடாது என்று மர்ஃபி பேட்டி கொடுத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே போட்டியின் இறுதி ஆட்டம் யாருக்கும் யாருக்கும்? சாவ் ஷின்டோங்குக்கும் பிரேசெலுக்கும். சாவ் 10-5. இரண்டு வருடத்தில் பிரேசெல் உலக சாம்பியன், நான்கு வருடத்தில் சாவ் உலக சாம்பியன். மர்ஃபி வெளியே போகச் சொன்ன பையன் 2023 உலகப் போட்டி அரையிறுதியில் பிரேசெலை 14-5 என்று முந்தி நின்றான் (அப்புறம் 15-17 என்று தோற்றது தனிச் சோகம்). கதவைத் திறந்து வைத்தால் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். 2022இல் யூகேவும் உலகப் போட்டி மாதிரியே 16 பேருக்கு நேரடி இடம் என்று மாறிவிட்டது.

கருப்புப்பந்து:
கதவு மூடியே இருந்த உலகப் போட்டியிலும் அதே சீ, அதே சாவ் வந்துவிட்டார்களே! சீ 2023இல் தகுதிச் சுற்று ஆடித்தான் வந்தார். உங்கள் உதாரணம் என் பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறது.

ஒரே கோட்டில் தொடங்குவதில் இருக்கும் வலியை நீங்கள் சொல்வதில்லை. அப்போது முதல் ரேங்க் ஆள் முதல் சுற்றில் 128ஆம் ஆளோடு ஆடுவார். பதினெட்டு வயதுப் பையன் முதல் வருடம் டூர் கார்டு (தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் உரிமை) வாங்கி வருவான், வாரா வாரம் ஜட் ட்ரம்ப், செல்பி, வில்லியம்ஸ் என்று மேல் ரேங்க் ஆட்களில் யாரிடமாவது அடி வாங்கிவிட்டுப் போவான். இரண்டு வருடம் முடியும், கார்டும் முடியும். படி வைத்தால் அவன் முதலில் தன் அளவு ஆட்களோடு ஆடுவான், ஒன்றிரண்டு ஜெயிப்பான், நம்பிக்கை வரும். நீச்சல் பழகுகிறவனைக் கிணற்றில் தள்ளிவிடுவதா, படியில் இறக்கிவிடுவதா?

பச்சைத்துணி:
எங்கள் ஊரில் கிணற்றில் தள்ளித்தான் பழக்கினார்கள் சார். நன்றாகவே நீந்துகிறோம்.

சாக்பீஸ்:
ஊட்டி கிளப் சுவரில் முதன்முதலில் ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டியபோது சீடிங் (யார் எந்தச் சுற்றில் நுழைவது என்ற வரிசை) பற்றி ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தச் சண்டை மிச்சம். ஜபல்பூரில் பிறந்து நீலகிரியில் சட்டம் எழுதி வாங்கிய பிள்ளை, இப்போது ஷெஃபீல்டில் சொத்துத் தகராறு.

வெம்ப்ளி வாசன்:
வணக்கம். லண்டனில் இருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் டிரா தாளை (யார் யாரோடு எந்தச் சுற்றில் மோதுவது என்ற பட்டியலை) வைத்துச் சண்டை பிடிக்கிறீர்கள். நான் தகுதிச் சுற்றைப் பார்க்கவென்றே சில முறை ஷெஃபீல்டுக்கு ரயில் ஏறியிருக்கிறேன், ஆகவே கொஞ்சம் சொல்லலாம்.

க்ரூசிபிள் நாடக அரங்கு. ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான இருக்கை, நடுவில் இரண்டு மேசை, அரையிறுதியில் இருந்து ஒரே மேசை. தகுதிச் சுற்று நடப்பது விளையாட்டு மண்டபத்தில். தடுப்புகள் வைத்துப் பிரித்துப் பல மேசைகள். ஒரு மேசையில் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கறுப்புப் பந்தைக் குறி பார்ப்பான், பக்கத்து மேசையில் யாரோ பிரேம் ஜெயித்ததற்குப் பத்துப் பேர் கைதட்டுவார்கள். எழுந்து நின்று, சாக் போட்டு, மறுபடி குனிவான். முதல் கட்டங்களில் பார்வையாளர் என்றால் அநேகம் அப்பாவோ பயிற்சியாளரோதான். கடைசிக் கட்டத்துக்குத் 'தீர்ப்பு நாள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அன்றைக்குத்தான் கூட்டம்.

2017இல் அது பொண்ட்ஸ் ஃபோர்ஜில் நடந்தது. நீச்சல் தடாகத்துக்குப் பெயர்போன கட்டடம். கில்பர்ட்டும் ஃபெர்கல் ஓ'பிரையனும் 9-9. கடைசி பிரேம் மட்டும் 123 நிமிடம் 41 விநாடி போனது. தொழில்முறை ஸ்னூக்கரில் அதுவரை இல்லாத நீளம். ஓ'பிரையன் வென்றார். என் கெட்ட காலம், நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் வேறு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கில்பர்ட் ஏழு வருடம் கழித்து அதே தகுதிச் சுற்றால் வந்து சாம்பியனை விழுத்தினார். படியோ சமதளமோ, இந்த மனிதருக்கு இரண்டும் தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறு. கருப்புப்பந்து அண்ணை, படி வைத்தால் கீழே உள்ளவனுக்கு நல்லது என்றீர்கள். பரிசுப் பட்டியலைப் பாருங்கள். இந்த வருடம் சாம்பியனுக்கு 5 லட்சம் பவுண்ட். தகுதிச் சுற்றில் நான்காம் கட்டத்தில் தோற்றால் 15,000, மூன்றாவதில் 10,000, இரண்டாவதில் 5,000. முதல் கட்டத்தில் தோற்றால்? ஒரு சதம் இல்லை. 17 முதல் 48க்குள் இருப்பவர் வந்து ஒரு ஆட்டம் ஆடித் தோற்றாலும் 10,000 பவுண்டோடு போகிறார். கடைசிப் படியில் நிற்பவன் ஒரு ஆட்டம் ஆடித் தோற்றால் விடுதிக் காசும் கைக்காசு.

கருப்புப்பந்து:
டூர் கார்டு உள்ளவர்களுக்கு சீசனுக்கு 20,000 பவுண்ட் குறைந்தபட்ச உத்தரவாதம் இருக்கிறது, வாசன். சுத்தமாகக் கைவிட்டுவிடவில்லை.

வெம்ப்ளி வாசன்:
கார்டு உள்ளவனுக்கு. அமெச்சூருக்கு இல்லை. அந்த 20,000இலும் ஒரு வருட ரயில், விமானம், விடுதி, பயிற்சி மேசை வாடகை எல்லாம் அடங்க வேண்டும். சீனாவில் இருந்தோ இந்தியாவில் இருந்தோ போய் இங்கிலாந்தில் அறை எடுத்துத் தங்குகிற பையனை யோசியுங்கள்.

பச்சைத்துணி:
முதல் கட்டத்தில் தோற்பவர்கள் 32 பேர். தலைக்கு ஆயிரம் பவுண்ட் கொடுத்தாலும் 32,000தான். சாம்பியனின் ஐந்து லட்சத்தில் கிள்ளினால் அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

கருப்புப்பந்து:
அதற்கு நான் கை தூக்குகிறேன். நிஜமாகவே. பூஜ்யம் என்பது அசிங்கம். ஆனால் அது படியின் குற்றமில்லை, பந்தியில் பரிமாறுகிறவரின் குற்றம். பணத்தைச் சரிசெய்யுங்கள், படியை விட்டுவிடுங்கள். சாவ் ஷின்டோங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 மாதத் தடை முடிந்து போன செப்டம்பரில்தான் திரும்பினார். கார்டு இல்லை, ரேங்கிங் இல்லை. அவரைக் கடைசிப் படியில் நிறுத்தாமல் வேறு எங்கே நிறுத்துவது? நின்றார், ஏறினார், அரையிறுதியில் ஓ'சல்லிவனை 17-7, இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18-12. ஒரே போட்டியில் ரேங்கிங்கில் 11ஆம் இடம். அடுத்த வருடம் அவரே நேரடி ஆள். அப்போதும் அவருக்காக 111 பிரேம் கேட்பீர்களா?

பச்சைத்துணி:
கேட்பேன். அதில் என்ன சந்தேகம்? நான் சாவ் ஷின்டோங்குக்காகப் பேசவில்லை சார். நான் ஏன் இவ்வளவு குதிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள்.

சில வருடம் முன்பு பக்கத்து மாவட்டத்தில் ஒரு போட்டி. பேர் வேண்டாம். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, நடத்துகிற கிளப்பின் எட்டு பேர் நேராகக் காலிறுதிக்கு முந்தைய சுற்றில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த ரேங்கிங்கும் கிடையாது, சொந்த ஆட்கள், அவ்வளவுதான். மற்ற எங்களுக்கு மூன்று பிரேம் ஆட்டம், மேசையின் ஒரு மூலைப் பாக்கெட் பந்தையே வாங்காது. இரண்டு ஆட்டம் ஜெயித்தேன். மத்தியானம் சாப்பிடக்கூட விடாமல் மூன்றாவதுக்குக் கூப்பிட்டார்கள். எதிரில் வந்தவர் அப்போதுதான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டபடி வந்தார். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடமும் இல்லை.

கருப்புப்பந்து:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. அது சீடிங் இல்லை, சொந்தக்காரக் கல்யாணம். ஆனால் ஷெஃபீல்டையும் அதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அங்கே யார் ஏன் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பது ஒரு வருடம் முன்பிருந்தே எல்லோரும் பார்க்கிற பட்டியலில் இருக்கிறது.

பச்சைத்துணி:
தராசு வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெற்றிலை அதேதான்.

சாக்பீஸ்:
அந்தப் போட்டி இப்போதும் நடக்கிறதா?

பச்சைத்துணி:
அடுத்த மாதம் இருக்கிறது. நுழைவுக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்களாம். டிரா தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், வந்த பிறகுதான் பணம் கட்டுவேன். இன்னும் வரவில்லை.