ஆத்தூர் குடும்பம் குழு: ஹெமிஸ் யார் யார்?

ராமலிங்கம்: அனைவருக்கும் வணக்கம். லடாக் டூர்காரர் மறுபடியும் போன் செய்தார். நாளை மதியம் 12 மணிக்குள் பெயர்ப் பட்டியல், ஆதார் நகல், ஆளுக்கு 10,000 முன்பணம் மூன்றும் வேண்டுமாம். ஹெமிஸ் திருவிழா சமயத்தில் லேயில் ரூம் கிடைப்பதே கஷ்டம், அதனால் அவர் அவசரப்படுத்துவதில் நியாயம் இருக்கிறது. ‘வருகிறேன்’ அல்லது ‘வரவில்லை’ என்று தெளிவாக எழுதவும். கட்டைவிரல் மட்டும் போட்டால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை.

சுந்தரம்: 👍

ஜெயா: நான் வருகிறேன். வேறு வழி?

குமார்: தேதி என்ன அண்ணா

ராமலிங்கம்: போன வாரமே போட்டேன். மேலே தள்ளிப் பார்.

குமார்: மேலே முழுக்க மாமாவின் குட்மார்னிங் ரோஜாப்பூதான் இருக்கிறது

மாலா: ஜூன் கடைசி வாரம்டா

பிரியா: ஜூன் கடைசியா??

பிரியா: அம்மா, ஆதவ் காதுகுத்து?

பிரியா: கார்த்தியும் போகிறானா? மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் அவன்தானே

கார்த்தி: நான் இன்னும் வாயே திறக்கவில்லை

ராமலிங்கம்: பிரியா கண்ணு, இது நாம் குறிக்கும் தேதி இல்லை. பத்மசம்பவர் பிறந்த நாளுக்காக ஹெமிஸ் மடத்தில் நடக்கும் விழா. திபெத்திய நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் 10, 11, இரண்டே நாள். சந்திரக் கணக்கு என்பதால் நம் நாட்காட்டியில் ஜூனிலும் வரும், ஜூலையிலும் வரும். 2016-ல் 12 வருஷத்துக்கு ஒரு முறை வரும் குரங்கு வருஷம், அப்போது மாடி உயரத்துக்கு ஒரு பெரிய பட்டுத் திரைச்சீலையை விரித்தார்களாம். அடுத்தது 2028. அவர்கள் நாளை நகர்த்த முடியாது. காதுகுத்தை ஆடி கழித்து வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

பிரியா: ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள் பெரிய மாமா. மண்டபத்துக்கும் சொல்லியாகிவிட்டது

ஜெயா: பெரிய சீலை 2028-ல்தான் என்றால் 2028-லேயே போகலாமே

ராமலிங்கம்: அப்போது எனக்கு 76.

ஜெயா: இப்போது மட்டும் மூட்டு வலிக்கவில்லையா

மாலா: அண்ணா, பத்மசம்பவர் என்பது நம் காஞ்சிபுரத்துப் போதிதர்மரா?

ராமலிங்கம்: இல்லை மாலா. போதிதர்மரைச் சீனாவில் கொண்டாடுகிறார்கள். இவர் 8-ஆம் நூற்றாண்டில் திபெத்துக்குப் போய்ப் பௌத்தத்தை ஊன்றியவர் என்று சொல்வார்கள், அங்கே குரு ரின்போச்சே என்றால்தான் தெரியும். ஹெமிஸ் மடம் லேயிலிருந்து 45 கி.மீ. பக்கம், 17-ஆம் நூற்றாண்டில் நம்கியால் ராஜாக்கள் ஆதரவில் எழுந்தது. துருக்பா என்ற பிரிவைச் சேர்ந்தது, பூட்டானிலும் அதே பிரிவுதான். சிந்து ஆற்றைத் தாண்டி ஒரு மலை இடுக்குக்குள் ஒளிந்திருப்பதால் பெரிய ரோட்டிலிருந்து பார்த்தால் மடமே தெரியாது. விழாவன்று முற்றத்தில் துறவிகள் முகமூடி போட்டுச் ‘சாம்’ ஆடுவார்கள். பத்மசம்பவரின் எட்டு வடிவங்களும் வரிசையாக வருவார்கள், ஆள் உயரத்தை விட நீளமான கொம்பு ஊதுவார்கள், மாவில் பிடித்த ஒரு பொம்மையைத் தீமையாக நினைத்து வெட்டிப் போடுவார்கள்.

ஜெயா: நம் ஊர்க் கூத்து மாதிரி விடிய விடியவா? எனக்கு இடுப்பு தாங்காது

ராமலிங்கம்: பகலில்தான். ஆனால் காலையிலேயே போய் இடம் பிடிக்க வேண்டும்.

கார்த்தி: யூடியூபில் பார்த்தேன், ரொம்ப மெதுவாகச் சுற்றுகிறார்கள். மாமாவுக்குத் தூக்கம் வந்துவிடும்

சுந்தரம்: எனக்கா உன் அப்பாவுக்கா

கார்த்தி: நீங்கள்தான் என் அப்பா

சுந்தரம்: அதைத்தான் கேட்கிறேன், யாரை மாமா என்கிறாய்

கார்த்தி: குமார் மாமாவை

குமார்: காசியில் தூங்காமல் ரூம் தேடியவன் நான்தான். அந்தக் கணக்கே இன்னும் முடியவில்லை

மாலா: ஆரம்பித்துவிட்டான்

குமார்: 3,400 ரூபாய் அக்கா. படகுக்காரனுக்கு நான் கொடுத்தது. யாரும் திருப்பித் தரவில்லை, அது பரவாயில்லை, ஆனால் பணத்தை நான் அடித்துவிட்டதாக ஒருவர் ஊரெல்லாம் சொன்னது

குமார்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுந்தரம்: படித்துவிட்டேன் மச்சான்

நித்யா: பெரியப்பா, நேற்று நீங்கள் அனுப்பிய டூர் தாளை இப்போதுதான் பார்த்தேன். முதல் நாள் காலை விமானத்தில் லே, மதியமே ஊர் சுற்றல், இரண்டாம் நாள் கர்துங்லா மலைக்கணவாய். இதை யார் போட்டது? லேயே 11,500 அடி. கர்துங்லா 17,500-க்கு மேல். சென்னையிலிருந்து கிளம்பி மறுநாள் மாலைக்குள் இந்த வயதுக்காரர்களை அங்கே ஏற்றுவது வினை. முதல் இரண்டு நாள் ரூமில் படுத்திருங்கள், தண்ணீர் குடியுங்கள், வாசல் வரை நடந்தால் போதும். அப்புறம் ஹெமிஸ், அது லேவை விடக் கொஞ்சம்தான் உயரம். கர்துங்லா, பாங்காங் ஏரி எல்லாம் கடைசியில். வரிசையை மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போக வேண்டாம்.

ராமலிங்கம்: வேனில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதாம் கண்ணு.

நித்யா: சிலிண்டர் இருந்தால் மட்டும் போதாது பெரியப்பா. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என்று வந்தால் கீழே இறக்குவதுதான் வைத்தியம். வேன்காரர் திரும்புவாரா, இல்லை மற்றவர்களின் போட்டோவுக்காக மேலேயே நிற்பாரா என்று கேளுங்கள்

மாலா: உயரம் ஒத்துக்கொள்வதற்கான டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார்கள்

நித்யா: அத்தை அது சல்ஃபா வகை மருந்து, உங்களுக்கு சல்ஃபா அலர்ஜி இருக்கிறது. நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. சுந்தரம் மாமா, ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் எழுதி வாங்காமல் பெயர் கொடுக்க வேண்டாம்

சுந்தரம்: அவர் காசிக்கே யோசித்தார்

நித்யா: 👍 அனுப்பினீர்களே?

சுந்தரம்: அது படித்துவிட்டேன் என்பதற்கு

ராமலிங்கம்: இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

ஜெயா: சாப்பாடு எப்படி? நான் புளியோதரைப் பொடி, பருப்புப்பொடி எடுத்துக்கொள்கிறேன். அரிசியும் குக்கரும் எடுக்கலாமா

ராமலிங்கம்: அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரம் பிடிக்கும். காற்றழுத்தம் குறையும்போது

குமார்: அண்ணா ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது

ஜெயா: குக்கர் எடுத்தாச்சு. அங்கே உப்புப் போட்டு வெண்ணெய் டீ கொடுப்பார்களாமே?

சுந்தரம்: அதுக்காகவே வரவில்லை

மாலா: நீங்கள் வரவில்லை என்றால் நானும் வரவில்லை

ஜெயா: மாலா நீ வராமல் நான் மட்டும் அண்ணனோடு ஒரு வாரம் போகணுமா

கார்த்தி: இன்னொன்று. ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் எடுக்காது, நம் ஊர் நம்பரில் போஸ்ட்பெய்ட் மட்டும்தான். பெரிய மாமி உங்களுடையது ப்ரீபெய்ட்

ஜெயா: அப்போ ஒரு வாரம் சீரியல் கிடையாதா

குமார்: குழுவில் ஒரு வாரம் நிம்மதி

பிரியா: எல்லாம் சரி. காதுகுத்து??

மாலா: காதுகுத்துக்கு நான் இல்லாமல் எப்படி, நான் பாட்டி இல்லையா

பிரியா: அதைத்தான் முதலிலிருந்து கேட்கிறேன் அம்மா. தாத்தா 👍 போடுகிறார், பாட்டி கோதுமை மாவுப் பொம்மை பார்க்கப் போகிறார்

ராமலிங்கம்: கோதுமை என்று நான் சொல்லவில்லை. மாவு என்றுதான் சொன்னேன்.

கார்த்தி: நான் விழாவுக்கு மட்டும் போய்விட்டு மறுநாள் காலை விமானத்தில் கிளம்பி வருகிறேன். லேயிலிருந்து விமானம் காலையில்தான், மதியம் காற்று ஏறிவிடும். டெல்லி, கோவை, அங்கிருந்து கார். காதுகுத்துக்கு முந்தின இரவு வந்துவிடுவேன்

பிரியா: மேகமூட்டத்தில் விமானம் ரத்தானால்?

கார்த்தி: அப்போது குமார் மாமா மடி

குமார்: நான் உன் அம்மாவுக்குத்தான் தம்பி, ஆதவுக்குத் தாத்தா முறை. மடி செல்லாது

பிரியா: அண்ணன் என்று ஒருத்தன் இருப்பதே இதற்குத்தான், அவனும் இமயமலை போகிறான்

நித்யா: பெரியப்பா வரிசையை மாற்றச் சொல்லிவிட்டீர்களா

ராமலிங்கம்: பேசினேன். ‘மற்ற குரூப் எல்லாம் அப்படித்தான் போகிறது சார்’ என்கிறார். இரண்டாம் நாளுக்கு சாந்தி ஸ்தூபியைப் போடுகிறேன், கார் மேலே வரை போகும் என்றார். கர்துங்லா கடைசி நாளுக்கு முந்தின நாள். எழுத்தில் கேட்டேன், அனுப்புகிறேன் என்றார். ஆதார் எதற்கென்றால் பாங்காங், நுப்ரா பள்ளத்தாக்கு எல்லாம் எல்லைப் பகுதி, அடையாளச் சான்று வேண்டுமாம்.

நித்யா: எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். முதல் நாள் மதிய ஊர் சுற்றலையும் எடுக்கச் சொல்லுங்கள்

ராமலிங்கம்: மதியம் 12 மணி கண்ணு.

நித்யா: அவர் காத்திருப்பார்

ராமலிங்கம்: சரி, இப்போதைக்கு: நான், ஜெயா உறுதி. கார்த்தி பாதி. மாலா சொல்ல வேண்டும். மாப்பிள்ளை டாக்டரைக் கேட்க வேண்டும். குமார்?

குமார்: கணக்கு யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் சொல்கிறேன்

மாலா: நீயே பாரேன்டா

குமார்: வேண்டாம் அக்கா

ஜெயா: நான் பார்க்கிறேன். தம்பி, படகுக் காசு 3,400 ஜிபே பண்ணிவிட்டேன், பார்த்துக்கொள்

குமார்: அண்ணி எதற்கு இதெல்லாம்

குமார்: வந்துவிட்டது

ஜெயா: அப்போ வருகிறாயா

குமார்: லீவு கேட்டுப் பார்க்கிறேன்

பிரியா: மண்டபத்துக்கு நான் என்ன சொல்ல?

ராமலிங்கம்: காலையில் பேசுவோம்.

சுந்தரம்: 👍