பிறந்த குழந்தையின் உடலில் இடம் மாறும் சிவந்த தடிப்புகள்

கேள்வி:
வணக்கம். நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த எங்கள் மகளுக்கு இரண்டாம் நாளிலிருந்து உடலில் சிவந்த திட்டுகளும், அவற்றின் நடுவே வெளிர்மஞ்சள் நிறச் சிறு பருக்களும் காணப்படுகின்றன. காலையில் கன்னத்தில் இருந்தவை மாலைக்குள் மறைந்து, தொடையில் புதிதாக எழும்புகின்றன. காய்ச்சல் இல்லை, நன்றாகப் பால் குடிக்கிறாள். இது கிருமித் தொற்றா, நான் உண்ணும் உணவால் வந்த ஒவ்வாமையா என்று அஞ்சுகிறேன். களிம்பு தடவலாமா?

பதில் (குழந்தைநல மருத்துவர்):
நேரில் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும் என்றாலும், நீங்கள் விவரித்திருப்பது 'எரித்தீமா டாக்சிகம்' எனப்படும் தடிப்புக்கு நன்கு பொருந்துகிறது. நிறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, பெரும்பாலும் முதல் சில நாள்களுக்குள், இது தோன்றுகிறது. சில மணி நேரத்தில் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் எழுவதே இதன் முக்கிய அடையாளம். சீழ்போலத் தெரிவது ஈயோசினோஃபில் என்னும் வெள்ளையணுக்களின் திரட்சியே தவிர, கிருமியால் உண்டானது அன்று. ஆகவே களிம்போ மருந்தோ வேண்டாம். உங்கள் உணவைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஓரிரு வாரங்களில் தழும்பின்றி மறைந்துவிடும். உள்ளங்கை, உள்ளங்கால்களில் பருக்கள் உள்ளனவா?

கேள்வி கேட்டவர்:
இல்லை, ஐயா. மிக்க நன்றி. மூக்கின் மேல் வெண்மையான சிறு புள்ளிகள் மட்டும் உள்ளன.

பதில் (செவிலியர்):
அவை மிலியா, தோலுக்கடியில் கெரட்டின் என்னும் தோல் புரதம் தங்குவதால் உண்டாகி, சில வாரங்களில் தாமே உதிர்ந்துவிடும். தயவுசெய்து அவற்றைக் கிள்ளவோ பிதுக்கவோ வேண்டாம், ஏனெனில் அந்தப் புண் வழியாகத்தான் உண்மையான தொற்று நுழையக்கூடும். குழந்தைக்கு அளவுக்கு மீறித் துணி சுற்றினால் வியர்வைக் குழாய்கள் அடைபட்டு வேர்க்குருவும் சேர்ந்துகொள்ளும்.

பதில் (குழந்தைநல மருத்துவர்):
உள்ளங்கை, உள்ளங்கால்களில் இல்லை என்பதும் நல்ல செய்தியே. இந்தத் தடிப்பு பொதுவாக அங்கே வருவதில்லை. ஆயினும் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழுந்தாலோ, பருக்கள் உடைந்து மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ, உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, இரவென்றும் பாராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.